குவாண்டம் தடத்தில் இரகசியத் திறவுகோல்: பிபி84 முறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இருவர் தமக்குள் இரகசியமாகச் செய்தி பரிமாற வேண்டுமானால், அவர்களிடம் மட்டுமே இருக்கும் ஒரு திறவுகோல் முதலில் வேண்டும். அதை இடையில் இருப்பவர் அறியாமல் மறுமுனைக்குக் கொண்டுசேர்ப்பது எப்படி என்பது மறையீட்டியலின் மிகப் பழைய சிக்கல். இன்றைய இணையம் ஆர்.எஸ்.ஏ., டிஃபி-ஹெல்மன் போன்ற முறைகளால் இதைத் தீர்த்துக்கொள்கிறது. அவற்றின் பாதுகாப்பு, மிகப் பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது போன்ற சில கணக்குகள் கடினமானவை என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. போதிய அளவு பெரிய குவாண்டம் கணினி ஒன்று அமைந்துவிட்டால் அந்தக் கணக்குகள் எளிதாகிவிடும் என்று 1994இல் பீட்டர் ஷோர் காட்டினார். அத்தகைய கணினி இன்னும் உருவாகவில்லை என்றாலும், இன்று கம்பியில் ஓடும் மறைசெய்தியைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பல ஆண்டுகள் காத்திருந்து உடைப்பதை எதுவும் தடுக்கவில்லை.

இதற்கு இயற்பியலிலிருந்து ஒரு விடை 1984 டிசம்பரில் பெங்களூரில் நடந்த பன்னாட்டுக் கணினி மாநாட்டில் முன்வைக்கப்பட்டது. ஐபிஎம் நிறுவனத்தின் சார்லஸ் பென்னட்டும் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் ஜில் பிராசார்டும் அங்கே அளித்த ஐந்து பக்கக் கட்டுரையில் இருந்த முறைதான், இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் ஆண்டையும் சேர்த்து இன்று பிபி84 என்று அழைக்கப்படுகிறது. தனித்த ஃபோட்டான்களில், அதாவது ஒளித்துகள்களில், ஏற்றி அனுப்பப்படும் பிட்டுகளை ஒருவர் இடையில் அளந்து பார்த்தால், அந்த அளவீடே பிழைகளாக வெளிப்பட்டுவிடும் என்பது அதன் அடிப்படை. அறியாத குவாண்டம் நிலை ஒன்றைப் பிசகின்றிப் படியெடுக்க முடியாது என்று 1982இல் நிறுவப்பட்டிருந்த தேற்றம் இதற்குத் துணை நிற்கிறது.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு திறவுகோலை, அது லேசரில் பிறப்பது முதல் மறையாக்கக் கருவியில் பயன்படுவது வரை, எண்களோடு பின்தொடர்கிறது. தொடங்கும்போதே ஒன்றை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். குவாண்டம் இயற்பியல் நமக்குத் தருவது இரகசியத்தை அன்று. எவ்வளவு கசிந்திருக்கக்கூடும் என்பதற்கான ஓர் உச்ச வரம்பை மட்டுமே தருகிறது. அந்த வரம்பை நேர்மையாகக் கணக்கில் எடுத்து, கசிந்திருக்கக்கூடிய ஒவ்வொரு பிட்டையும் கழித்த பின் எஞ்சுவதே திறவுகோல். ஒளியியல் கருவிகளைப் பற்றி விரிவாகப் பேசும் பல விளக்கங்கள் இந்தக் கழித்தல் கணக்கை இரண்டு வரிகளில் கடந்துவிடுகின்றன. பாதுகாப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்பதால் இங்கே அதற்கே அதிக இடம் தரப்பட்டுள்ளது.

படி 1: முன்பகிர்ந்த ஒரு சிறு இரகசியம்

குவாண்டம் தடத்தோடு ஒரு சாதாரண இணைப்பும் தேவை. எந்த ஒளித்துடிப்பு எப்படி அளக்கப்பட்டது, எங்கே பிழை இருந்தது என்பவற்றையெல்லாம் அனுப்புநரும் பெறுநரும் அதன் வழியே பேசிக்கொள்கிறார்கள். இந்தப் பேச்சை யார் வேண்டுமானாலும் கேட்கலாம்; அதனால் கேடில்லை. ஆனால் அதை யாரும் மாற்றக்கூடாது. மாற்ற முடியுமானால், நடுவில் அமர்ந்த ஒருவர் அனுப்புநரிடம் பெறுநராகவும் பெறுநரிடம் அனுப்புநராகவும் நடித்து, இருவரோடும் தனித்தனித் திறவுகோல்களை உருவாக்கிக்கொள்வார். பிழை விகிதம் ஏறாது. எந்த எச்சரிக்கையும் ஒலிக்காது.

ஆகவே, முதல் ஃபோட்டான் புறப்படும் முன்பே, இரு கருவிகளிலும் ஒரே சிறு இரகசியம் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். சில நூறு பிட்டுகள் போதும். வெக்மன், கார்ட்டர் ஆகியோர் வகுத்த ஹாஷ் முறையில், அதாவது நீண்ட செய்தியைச் சிறு எண்ணாகச் சுருக்கும் முறையில், அனுப்பும் ஒவ்வொரு செய்தியோடும் இந்த இரகசியத்திலிருந்து கணிக்கப்பட்ட ஒரு சிறு முத்திரை சேர்க்கப்படுகிறது. இரகசியம் தெரியாதவரால், எவ்வளவு கணிப்புத் திறன் இருந்தாலும், அம்முத்திரையைப் போலியாகச் செய்ய முடிவது வெறும் குருட்டு அதிர்ஷ்டத்தால் மட்டுமே. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கிடைக்கும் புதிய திறவுகோலில் ஒரு சிறு பகுதி அடுத்த சுற்றின் முத்திரைகளுக்காக ஒதுக்கி வைக்கப்படும்.

இந்த முதல் இரகசியத்தை ஆள்வழி கொண்டுசெல்ல முடியாத இடத்தில், குவாண்டம் கணினிக்குத் தாங்கும் டிஜிட்டல் கையொப்பங்களைப் பயன்படுத்தலாம். அந்தக் கையொப்ப முறை பத்தாண்டுகளுக்குப் பிறகு உடைக்கப்பட்டாலும், முதல் சுற்று நடந்த அந்தச் சில நிமிடங்களில் அது உடையாமல் இருந்திருந்தால், அதிலிருந்து பிறந்த திறவுகோல்களுக்கு ஆபத்தில்லை.

படி 2: தடத்தைத் தேர்ந்து இழப்பைக் கணக்கிடுதல்

ஒளியிழையில் 1550 நானோமீட்டர் அலைநீள ஒளி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் குறைகிறது. அதாவது 50 கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்கும், 100 கிலோமீட்டரில் நூற்றில் ஒரு பங்கும், 200 கிலோமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கும் மட்டுமே மறுமுனையை அடையும். வழக்கமான தொலைத்தொடர்பில் இடையிடையே ஒளிப்பெருக்கிகளை வைத்து இந்த இழப்பை ஈடுகட்டுவார்கள். இங்கே அது முடியாது. பெருக்குவது என்பதும் ஒருவகைப் படியெடுப்பே. ஒற்றருக்கு எதிராக நிற்கும் அதே தேற்றம் நமக்கு எதிராகவும் நிற்கிறது. பாதையில் ஒளிப்பெருக்கி ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பதை இழையை வாடகைக்கு எடுக்கும்போதே எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இழையில் வேறு தரவு ஏதும் ஓடாமல் இருப்பது நல்லது. பக்கத்து அலைநீளத்தில் செல்லும் வலுவான தரவு ஒளி, ராமன் சிதறலால், குவாண்டம் அலைவரிசைக்குள்ளும் ஃபோட்டான்களைச் சிந்தும். ஒற்றை ஃபோட்டானை எதிர்பார்த்திருக்கும் உணரிக்கு அந்தச் சிறு சிந்தலே பெரும் இரைச்சல். ஒரே இழையைப் பகிர்ந்தே ஆக வேண்டுமானால், இழப்பு கூடினாலும் பரவாயில்லை என்று குவாண்டம் ஒளியை 1310 நானோமீட்டருக்கு மாற்றி, கடுமையான வடிப்பான்களை வைப்பது நடைமுறை.

நம் எடுத்துக்காட்டுக்கு 50 கிலோமீட்டர் தனி இழை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இழையில் பத்தில் ஒரு பங்கு தேறுகிறது. பெறுநரின் ஒளியியல் பாகங்களில் அதில் பாதி போகிறது. உணரியின் திறன் 20 விழுக்காடு. மூன்றையும் பெருக்கினால், புறப்படும் ஒரு ஃபோட்டான் பதிவாகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று.

படி 3: ஒளி மூலமும் போலித் துடிப்புகளும்

கேட்டவுடன் ஒரே ஒரு ஃபோட்டானைத் தரும் மூலங்கள் ஆய்வகங்களில் உண்டு. ஆனால் களத்தில் உள்ள கருவிகள் பெரும்பாலும் சாதாரண லேசர் துடிப்பை மிகவும் மங்கலாக்கியே பயன்படுத்துகின்றன. மங்கலான துடிப்பில் எத்தனை ஃபோட்டான் இருக்கும் என்பது நிகழ்தகவின்படி அமையும். சராசரி 0.5 என்று வைத்தால், ஏறத்தாழ 61 விழுக்காட்டுத் துடிப்புகள் வெறுமையாகவும், 30 விழுக்காடு ஒற்றை ஃபோட்டானோடும், 9 விழுக்காடு இரண்டோ அதற்கு மேலோ கொண்டும் இருக்கும்.

அந்த 9 விழுக்காட்டில்தான் அபாயம் இருக்கிறது. ஒற்றர் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை ஃபோட்டான் உள்ளது என்பதை மட்டும் எண்ணி, இரண்டு இருந்தால் ஒன்றைத் தம்மிடம் நிறுத்திக்கொண்டு மற்றதை இழப்பில்லாத தடத்தில் அனுப்பிவிடலாம். ஒன்று மட்டும் இருந்தால் அதை விழுங்கிவிடலாம். பெறுநருக்கு வர வேண்டிய எண்ணிக்கை வந்துகொண்டே இருக்கும், பிழை சிறிதும் ஏறாது, திறவுகோல் முழுவதும் களவு போயிருக்கும். 2003இல் ஹ்வாங் முன்வைத்து, 2005இல் வாங் ஒருபுறமும் லோ, மா, சென் ஆகியோர் மறுபுறமும் முழுமையாக்கிய போலித் துடிப்பு முறை இதற்கு மருந்து. அனுப்புநர் துடிப்புகளின் ஒளிர்வை இரண்டு அல்லது மூன்று அளவுகளுக்கிடையே குருட்டாக மாற்றிக்கொண்டே இருப்பார். தம்முன் வந்துள்ள இரட்டை ஃபோட்டான் எந்த ஒளிர்வுத் துடிப்பிலிருந்து வந்தது என்று ஒற்றருக்குத் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு ஒவ்வோர் ஒளிர்வுக்கும் எத்தனை பதிவாயின என்று தனித்தனியே எண்ணிப் பார்த்தால், ஒற்றை ஃபோட்டான்கள் மட்டும் விழுங்கப்பட்டதா என்பது விகிதங்களில் தெரிந்துவிடும். மேலும், பதிவானவற்றில் குறைந்தது எத்தனை உண்மையிலேயே ஒற்றை ஃபோட்டானிலிருந்து வந்தவை என்பதற்கு ஒரு கீழ்வரம்பும் கிடைக்கும். படி 8இல் நாம் செய்யப்போகும் கணக்குக்கு அந்த வரம்பே ஆதாரம்.

ஒவ்வொரு துடிப்புக்கும் பிட் ஒன்று, அச்சு ஒன்று (படி 4இல் விளக்கப்படும்), ஒளிர்வு ஒன்று எனக் குருட்டுத் தேர்வுகள் மூன்று வேண்டும் என்பதால், நொடிக்கு 1 கோடித் துடிப்புகளை அனுப்பும் கருவிக்கு நொடிக்கு 3 கோடிக்கும் மேற்பட்ட சமவாய்ப்பு பிட்டுகள் தேவை. இவை கணினி நிரலால் உருவாக்கப்பட்ட போலிச் சமவாய்ப்பு எண்களாக இருந்தால், மேலே சொன்ன இயற்பியல் உறுதி முழுவதும் அந்த நிரலின் தரத்துக்கு இறங்கிவிடும். இயற்பியல் நிகழ்விலிருந்து எண்ணெடுக்கும் கருவி கட்டாயம்.

படி 4: அனுப்புதலும் அளத்தலும்

பிட்டை ஃபோட்டானில் ஏற்றுவதற்கு அதன் தளவிளைவை, அதாவது ஒளி அதிரும் திசையைப் பயன்படுத்துவது பாடநூல் வழி. நேர் அச்சில் 0 பாகை என்றால் பிட் 0, 90 பாகை என்றால் பிட் 1. சாய்வு அச்சில் 45 பாகை என்றால் 0, 135 பாகை என்றால் 1. அனுப்புநர் ஒவ்வொரு முறையும் அச்சையும் பிட்டையும் குருட்டாகத் தேர்கிறார். பெறுநரும் தம் பங்குக்கு அச்சைக் குருட்டாகத் தேர்ந்து அளக்கிறார். அச்சு ஒத்தால் அனுப்பிய பிட் அப்படியே கிடைக்கும். ஒவ்வாவிட்டால் 0, 1 இரண்டும் சம வாய்ப்போடு வரும், அனுப்பிய பிட்டைப் பற்றி எதுவும் தெரியாது.

நிலத்தில் புதைந்த இழையில் வெப்பநிலையும் அதிர்வும் தளவிளைவைத் திருப்பிக்கொண்டே இருக்கும் என்பதால், இழைவழிக் கருவிகள் பலவும் பிட்டை வேறு விதமாக ஏற்றுகின்றன: ஒரு துடிப்பை முந்தியது, பிந்தியது என இரண்டாகப் பிளந்து, எது ஒளிர்கிறது என்பதை ஓர் அச்சாகவும், இரண்டுக்கும் இடையிலான கட்ட வேறுபாட்டை மற்றோர் அச்சாகவும் கொள்கின்றன. கணக்கு மாறுவதில்லை.

பெறுநர் பக்கத்தில் இரு வகை உணரிகள் வழக்கில் உள்ளன. இண்டியம் காலியம் ஆர்சனைடு உணரிகள் மின்சாரத்தாலேயே குளிரூட்டப்பட்டுச் சிறு பெட்டியில் அடங்கிவிடும், திறன் குறைவு. மீகடத்து நானோகம்பி உணரிகள் 80 விழுக்காட்டுக்கும் மேல் திறன் கொண்டவை. ஆனால் தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் இரண்டு மூன்று கெல்வினுக்குக் குளிரூட்டும் பெரிய கருவி வேண்டும். எதுவாயினும், ஃபோட்டான் வராமலே சில நேரம் உணரி சொடுக்கும். இந்தப் பொய்ச் சொடுக்குகளே தொலைவுக்கு எல்லை வகுக்கின்றன: தொலைவு கூடக் கூட உண்மையான ஃபோட்டான்கள் குறைந்துகொண்டே போக, பொய்ச் சொடுக்குகளின் எண்ணிக்கை மட்டும் மாறாமல் நிற்கும், ஓரிடத்தில் பிழை விகிதம் தாங்கும் அளவைக் கடந்துவிடும்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு சிறு விதி உண்டு. 0க்கான உணரியும் 1க்கான உணரியும் ஒரே நேரத்தில் சொடுக்கினால், அந்தப் பதிவைத் தூக்கி எறிந்துவிடத் தோன்றும். எறியக்கூடாது, குருட்டாக 0 அல்லது 1 என்று குறித்துக்கொள்ள வேண்டும். எறிந்தால், தமக்கு ஒவ்வாத பதிவுகளையெல்லாம் வலுவான ஒளி அனுப்பி இரட்டைச் சொடுக்காக்கி நீக்கிவிட ஒற்றருக்கு ஒரு வழி கிடைத்துவிடும்.

எடுத்துக்காட்டின்படி, நொடிக்கு 1 கோடித் துடிப்பு, சராசரி 0.5 ஃபோட்டான், பதிவாகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றால், நொடிக்கு ஏறத்தாழ 50,000 பதிவுகள் கிடைக்கும். போலித் துடிப்புகளுக்கான சிறு பங்கை எளிமைக்காக இக்கணக்கில் சேர்க்கவில்லை.

படி 5: சலித்தல்

பெறுநர் எந்தெந்தத் துடிப்புகள் பதிவாயின, எந்த அச்சில் அளந்தார் என்பதைப் பொது இணைப்பில் அறிவிக்கிறார். அளவீட்டின் விடையைச் சொல்வதில்லை. அனுப்புநர் எவற்றில் அச்சு ஒத்தது என்று பதிலளிக்கிறார். ஒவ்வாதவை நீக்கப்படும்.

எட்டுத் துடிப்புகளை எடுத்துப் பார்க்கலாம். அனுப்பிய பிட்டுகள் 1, 0, 1, 1, 0, 0, 1, 0. அனுப்புநரின் அச்சுகள் முறையே நேர், சாய்வு, சாய்வு, நேர், நேர், சாய்வு, நேர், சாய்வு. பெறுநரின் அச்சுகள் நேர், நேர், சாய்வு, சாய்வு, நேர், சாய்வு, சாய்வு, சாய்வு. ஒத்தவை 1, 3, 5, 6, 8ஆம் இடங்கள். எஞ்சும் பிட்டுகள் 1, 1, 0, 0, 0. நீண்ட ஓட்டத்தில் பாதி எஞ்சும். நம் 50,000 பதிவுகள் 25,000 ஆகும். ஓர் அச்சைப் பெரும்பாலும் பயன்படுத்தி, மற்றதைப் பிழை அளக்க மட்டும் அரிதாகப் பயன்படுத்தினால் இந்த இழப்பைப் பெரிதும் குறைக்கலாம்; இன்றைய கருவிகள் பல அவ்வாறே செய்கின்றன.

படி 6: பிழையை அளத்தல்

இப்போது இருவரிடமும் ஏறத்தாழ ஒரே வரிசை இருக்கிறது. அதில் குருட்டாகச் சில இடங்களைத் தேர்ந்து, அங்குள்ள பிட்டுகளை வெளிப்படையாக ஒப்பிட்டு, பிழை விகிதத்தைக் காண்கிறார்கள். ஒப்பிட்ட பிட்டுகள் பிறகு நீக்கப்படும்.

ஒற்றர் ஒவ்வொரு ஃபோட்டானையும் பிடித்து அளந்து, தாம் கண்டதை மீண்டும் அனுப்புகிறார் என்று கொள்வோம். பாதி முறை அவர் தவறான அச்சில் அளப்பார். அவற்றில் பாதியில் பெறுநருக்குத் தவறான பிட் போகும். ஆகவே 25 விழுக்காடு பிழை. 72 பிட்டுகளை ஒப்பிட்டும் ஒரு பிழைகூடத் தெரியாமல் அவர் தப்பும் வாய்ப்பு நூறு கோடியில் ஒன்று. இது எளிய நிலை.

உண்மைச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒற்றர் எட்டில் ஒரு ஃபோட்டானை மட்டும் தொட்டால் பிழை 3 விழுக்காடுதான் வரும். ஒற்றரே இல்லாத நல்ல கருவியிலும், ஒளியியல் பாகங்களின் சிறு பிசகாலும் பொய்ச் சொடுக்காலும் அதே 3 விழுக்காடு வரக்கூடும். இரண்டையும் பிரித்தறிய எந்தக் கருவியாலும் முடியாது. எனவே விதி ஒன்றுதான்: காணப்படும் பிழை முழுவதும் ஒற்றரால் நேர்ந்தது என்றே கொள்ள வேண்டும். “நம் கருவியில் இயல்பாகவே 2 விழுக்காடு பிழை உண்டு, ஆகவே ஒற்றரால் வந்தது 1 விழுக்காடே” என்று கழித்துக்கொள்ளும் பொறியாளர், பாதுகாப்பு நிறுவலின் அடித்தளத்தையே எடுத்துவிடுகிறார். இதில் சலுகைக்கு இடமில்லை என்பது என் உறுதியான கருத்து.

பிபி84இல் வழக்கமான ஒருவழிப் பின்செயலாக்கத்துக்கு (படி 7, 8இல் வரும் வேலைகள்) தாங்கும் எல்லை ஏறத்தாழ 11 விழுக்காடு. ஷோரும் பிரெஸ்கிலும் 2000இல் தந்த நிறுவலிலிருந்து வருவது இது. அதற்கு மேல் போனால் அந்தச் சுற்று முழுவதையும் அழித்துவிட வேண்டும். இதுவரை எந்தச் செய்தியும் இந்தப் பிட்டுகளால் மறையாக்கம் செய்யப்படவில்லை என்பதால், அழிப்பதில் இரகசியம் எதுவும் வெளியாவதில்லை. நம் எடுத்துக்காட்டில் பிழை 3 விழுக்காடு என்று கொள்வோம்; ஒப்பிட்டு நீக்கிய பிட்டுகளை எளிமைக்காகக் கழிக்கவில்லை.

படி 7: பிழை திருத்தம்

3 விழுக்காடு பிழை என்றால் 25,000 பிட்டுகளில் 750 இடங்களில் இருவரும் வேறுபடுகிறார்கள். திறவுகோலில் ஒரு பிட் மாறினாலும் மறைசெய்தி திறக்காது. பிராசார்டும் சால்வையும் 1993இல் தந்த அருவி முறையில், வரிசை சிறு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதியிலும் உள்ள 1களின் எண்ணிக்கை இரட்டையா ஒற்றையா என்று ஒப்பிடப்படும். வேறுபட்டால் தொகுதியைப் பாதி பாதியாகப் பிளந்து பிழையான இடத்தைக் கண்டு திருத்துவர். பின் வரிசையைக் கலைத்து வேறு தொகுதிகளாக்கி மீண்டும் ஒப்பிடுவர். புதிய சுற்றில் ஒரு பிழை தெரியவந்தால், முந்தைய தொகுதி ஒன்றில் மறைந்திருந்த அதன் இணைப்பிழையும் வெளியே வரும். இருவரும் பலமுறை மாறி மாறிப் பேச வேண்டியிருப்பதால், வேகமான கருவிகள் ஒரே செய்தியில் முடியும் திருத்தக் குறியீடுகளைக் கையாளுகின்றன.

வெளியே சொன்ன ஒவ்வோர் இரட்டை-ஒற்றை விடையும் ஒற்றருக்கும் கேட்டிருக்கும். ஆகவே ஒவ்வொன்றையும் எண்ணி வைக்க வேண்டும். 3 விழுக்காடு பிழைக்கு, தகவல் கோட்பாட்டில் ஷேனன் வகுத்த எல்லைப்படி பிட் ஒன்றுக்குக் குறைந்தது 0.194 பிட் வெளியிட்டே ஆக வேண்டும். நடைமுறைத் திருத்தம் அதைவிட ஏறத்தாழ 16 விழுக்காடு கூடுதலாகச் செலவிடும் என்று வைத்தால், 25,000 பிட்டுகளுக்கு ஏறத்தாழ 5,630 பிட்டுகள் கசிகின்றன. முடிவில் ஒரு சிறு ஹாஷை ஒப்பிட்டு, இரு வரிசைகளும் ஒன்றே என்று உறுதிசெய்ய வேண்டும். அந்த ஹாஷின் பிட்டுகளும் கசிவுக் கணக்கில் சேரும்.

படி 8: இரகசியச் செறிவூட்டல்

இப்போது இருவரிடமும் ஒரே வரிசை. ஆனால் ஒற்றருக்கும் அதில் ஒரு பகுதி தெரிந்திருக்கலாம். எந்தப் பகுதி என்று நமக்குத் தெரியாது. எவ்வளவுக்கு மேல் இராது என்பது மட்டும் தெரியும். அந்த அறிவே போதும் என்பதுதான் இந்தத் துறையின் மிக அழகான முடிவு என்று நான் கருதுகிறேன்.

இரண்டு பிட்டுகள் இருக்கின்றன. ஒற்றருக்கு அவற்றில் ஒன்று தெரியும், எது என்று நமக்குத் தெரியாது. இரண்டையும் எக்ஸார் செய்து, அதாவது ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1 என்று கொண்டு, ஒரே பிட்டாக்கினால், அந்த முடிவைப் பற்றி ஒற்றருக்கு எதுவும் தெரியாது. நம் வரிசை பாதியாகச் சுருங்கியது. அவர் அறிவு முற்றிலும் அழிந்தது. இதையே நீண்ட வரிசைக்கு விரித்தால், குருட்டாகத் தேர்ந்த ஒரு டோப்ளிட்ஸ் அணியால், அதாவது ஒவ்வொரு சாய்வரிசையிலும் ஒரே எண் வரும் 0, 1 அட்டவணையால், வரிசையைப் பெருக்கிச் சுருக்குவது ஆகிறது. அந்த அணியை வெளிப்படையாகவே அறிவிக்கலாம். ஆனால் குவாண்டம் பரிமாற்றம் முடிந்த பிறகே தேர்ந்து அறிவிக்க வேண்டும்.

எவ்வளவு சுருக்குவது? நம் 25,000 பிட்டுகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு, அதாவது 15,000, ஒற்றை ஃபோட்டானிலிருந்து வந்தவை என்று போலித் துடிப்புகள் உறுதிசெய்தன. மற்ற 10,000 பிட்டுகளும் ஒற்றருக்குத் தெரியும் என்றே கொள்கிறோம். அந்த 15,000இலும், 3 விழுக்காடு பிழைக்கு ஈடாக, பிட்டுக்கு 0.194 வீதம் அவர் அறிந்திருக்கலாம். அதைக் கழித்தால் ஏறத்தாழ 12,090. திருத்தத்தில் கசிந்த 5,630ஐயும் கழித்தால் 6,460. புறப்பட்டவை 1 கோடித் துடிப்புகள். தேறியவை ஏறத்தாழ 6,460 பிட்டுகள்.

இதுவும் அளவற்ற நீளமுள்ள வரிசைக்கான கணக்கே. உண்மையில் பிழை விகிதம் ஒரு மாதிரியிலிருந்து மதிப்பிடப்பட்டது. மாதிரி சிறிதானால் மதிப்பீடு ஏமாற்றும். எனவே பிழை விகிதத்தையும் ஒற்றை ஃபோட்டான் வரம்பையும் நமக்குப் பாதகமான பக்கமாக நகர்த்தி வைத்துக் கணக்கிட வேண்டும். தோல்வி வாய்ப்பு ஆயிரம் கோடியில் ஒன்றுக்கு மிகாது என்பது போன்ற குறிக்கோளை வைத்துக்கொண்டால், ஒரு நொடிப் பதிவுகளைத் தனியே செயலாக்காமல், பல இலட்சம் பிட்டுகள் சேரும்வரை காத்திருந்து ஒரே தொகுதியாகச் செயலாக்குவது நல்ல பலன் தரும்.

படி 9: திறவுகோலைப் பயன்படுத்துதல்

நொடிக்கு 6,460 பிட்டுகள் என்பது, பரவலாகப் பயன்படும் ஏ.இ.எஸ்-256 என்ற மறையாக்க முறையின் 256 பிட் திறவுகோல்கள் 25க்குப் போதும். ஒருமுறைத் திறவுகோல் முறையில், அதாவது செய்தியின் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு திறவுகோல் பிட் செலவிடும் முறையில் மட்டுமே முழுமையான இரகசியம் உண்டு. ஆனால் நொடிக்கு 8,000 பிட் கேட்கும் சுருக்கப்பட்ட தொலைபேசி உரையாடல் ஒன்றுக்குக்கூட இந்த வேகம் எட்டாது. ஆகவே பெரும்பாலான அமைப்புகள் ஏ.இ.எஸ்-256ஐக் கையாண்டு, அதன் திறவுகோலை அடிக்கடி மாற்றுகின்றன. மிக முக்கியமான சிறு செய்திகளுக்கு மட்டும் ஒருமுறை முறை.

மறையாக்கக் கருவி திறவுகோலைக் கேட்டுப் பெறுவதற்கு ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனம் ஓர் இடைமுகத் தரத்தை வெளியிட்டுள்ளது. ஒரு முனைக் கருவி திறவுகோலையும் அதன் அடையாள எண்ணையும் பெறும். எண்ணை மட்டும் மறுமுனைக்கு அனுப்பும். அங்குள்ள கருவி அந்த எண்ணைக் காட்டித் தன் பக்கத்திலிருந்து அதே திறவுகோலைப் பெறும். இந்தச் சில மீட்டர் ஈதர்நெட் கம்பியும் அதன் சான்றிதழ்களும் காவலற்றுக் கிடந்தால், 50 கிலோமீட்டர் இழையில் செய்த உழைப்பு வீண்.

குவாண்டம் கணினிக்குத் தாங்கும் கணித முறைகளும் இன்று தரப்படுத்தப்பட்டுவிட்டன. அமெரிக்கத் தர நிறுவனம் முதல் மூன்றை 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. அமெரிக்கா, பிரிட்டன் ஆகியவற்றின் அரசு மறையீட்டு அமைப்புகள், குவாண்டம் வழியைவிட இந்தக் கணித முறைகளையே பரிந்துரைக்கின்றன. பெரும்பாலான நிறுவனங்களுக்கு அது சரியான அறிவுரை என்றே நான் கருதுகிறேன். பல பத்தாண்டுகள் காக்க வேண்டிய தரவு, நிலையான இரண்டு இடங்கள், இடையே தனி இழை ஆகிய மூன்றும் இருக்கும் இடத்தில்தான் குவாண்டம் வழி தன் செலவுக்கு ஈடு தரும். அங்கும் இரு வழிகளிலும் தனித்தனியே பெற்ற திறவுகோல்களைக் கலந்து ஒன்றாக்கிப் பயன்படுத்துவதே நல்லது. ஒன்று உடைந்தாலும் மற்றது காக்கும்.

கருவியே காட்டிக்கொடுக்கும் இடங்கள்

மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் கருவி கோட்பாட்டின்படி நடக்கும் என்ற எடுகோளில் நிற்கின்றன. 1989இல் ஐபிஎம் ஆய்வகத்தில் 30 சென்டிமீட்டர் அளவேயான காற்றுவெளியில் நடந்த முதல் சோதனையிலேயே இந்த எடுகோள் தகர்ந்தது: தளவிளைவை மாற்றும் பாகத்தின் மின்வழங்கி, அனுப்பப்படும் பிட்டுக்கேற்ப வெவ்வேறு ஒலி எழுப்பியது. காதால் கேட்டே பிட்டை அறியலாம் என்ற நிலை. 2010இல் வாதிம் மகரோவும் உடன் ஆய்வாளர்களும், வலுவான தொடர் ஒளியைப் பாய்ச்சி விற்பனையில் இருந்த கருவிகளின் உணரிகளைக் குருடாக்கி, ஒற்றர் விரும்பியபோது மட்டும் அவை சொடுக்கும்படி செய்ய முடியும் என்று காட்டினார்கள். பிழை ஏறாமலே திறவுகோலைக் களவாடலாம் என்பது இதன் பொருள்.

எனவே கருவியை ஏற்கும்முன் சிலவற்றைக் கேட்டே ஆக வேண்டும். உணரிக்கு வரும் மொத்த ஒளியைக் கண்காணிக்கும் தனி அளவி இருக்கிறதா? வெளியிலிருந்து ஒளி பாய்ச்சி உட்புற அமைவைத் திரும்பி வரும் ஒளியில் படிக்கும் தாக்குதலைத் தடுக்க, அனுப்புநர் பக்கத்தில் ஒருவழி ஒளித்தடுப்பிகள் எத்தனை டெசிபெலுக்கு உள்ளன? நான்கு தளவிளைவுகளும் ஒரே லேசரிலிருந்து வருகின்றனவா, அல்லது அலைநீளத்தில் சிறிது வேறுபடக்கூடிய நான்கு தனி லேசர்களிலிருந்தா? உணரிகள் மேல் நம்பிக்கையே தேவைப்படாத வழி ஒன்றும் உண்டு. 2012இல் முன்வைக்கப்பட்ட அந்த முறையில், இருவருமே அனுப்புநர்கள். நடுவில் உள்ள அளவீட்டு நிலையம் ஒற்றரின் கையிலேயே இருந்தாலும் பாதுகாப்பு குலையாது.

தொலைவு

100 கிலோமீட்டருக்கு மேல் என்ன செய்வது? குவாண்டம் நினைவகத்தோடு கூடிய மறுபரப்பிகள் இன்னும் ஆய்வு நிலையைத் தாண்டவில்லை. 2018இல் முன்வைக்கப்பட்ட இரட்டைப்புல முறை, இழப்பின் தாக்கத்தை வர்க்கமூல அளவுக்குக் குறைக்கிறது. சீன ஆய்வாளர்கள் 2023இல் இதைக் கொண்டு 1,002 கிலோமீட்டர் இழையைக் கடந்தார்கள். அங்கே கிடைத்த வேகம் நொடிக்கு 0.0034 பிட், ஒரு 256 பிட் திறவுகோலுக்கு ஏறத்தாழ 21 மணி நேரம். சாதனையாக மிகப் பெரிது. பயன்பாட்டுக்கு இன்னும் தூரம் உண்டு.

நடைமுறையில் உள்ளது இடைநிலையங்கள் வழியே கடத்துவது. ஒவ்வொரு நிலையமும் ஒரு திறவுகோலைப் பெற்று, அடுத்த இணைப்பின் திறவுகோலோடு எக்ஸார் செய்து அனுப்பும். 2017இல் திறக்கப்பட்ட பெய்ஜிங்–ஷாங்காய் தடம் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டரை 32 நிலையங்களால் கடக்கிறது. ஒவ்வொரு நிலையத்திலும் திறவுகோல் வெளிப்படையாக இருக்கும் என்பதால், அந்த 32 அறைகளின் பூட்டும் காவலும் திறவுகோலின் பாதுகாப்பில் அடங்கும். 2016இல் ஏவப்பட்ட மிசியஸ் செயற்கைக்கோள் 2017 செப்டம்பரில் பெய்ஜிங்குக்கும் வியன்னாவுக்கும் இடையே நடந்த காணொலி உரையாடலுக்குத் திறவுகோல் தந்தபோதும், அந்தச் செயற்கைக்கோளே நம்பப்பட்ட இடைநிலையமாக இருந்தது.

இந்தியாவில் இஸ்ரோ 2021 மார்ச்சில் அகமதாபாத்தில் 300 மீட்டர் காற்றுவெளியிலும், பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனமும் டெல்லி ஐஐடியும் 2022 பிப்ரவரியில் பிரயாக்ராஜ்–விந்தியாச்சல் இடையே 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட இழையிலும் செய்துகாட்டின. 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற தேசியக் குவாண்டம் திட்டத்தில், குவாண்டம் தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில் அமைந்துள்ளது.

அன்றாட இயக்கம்

நிறுவியபின் கண்காணிக்க வேண்டியவை பிழை விகிதம், ஒவ்வோர் ஒளிர்வுக்குமான பதிவு எண்ணிக்கை, உணரியின் வெப்பநிலை, திறவுகோல் சேமிப்பின் அளவு ஆகியவை. பிழை விகிதம் பகலிலும் இரவிலும் சிறிது மாறும். அந்த இயல்பான ஏற்றத்தாழ்வை முதல் சில வாரங்களில் பதிவு செய்து வைத்தால்தான் பிறகு வரும் திடீர் மாற்றம் கண்ணில் படும். இழையை வெட்டினாலோ வெளிச்சம் பாய்ச்சினாலோ திறவுகோல் உற்பத்தி நின்றுவிடும். அதைத் தடுக்க இந்த முறையில் வழியில்லை. அப்போது மறையாக்கக் கருவி என்ன செய்ய வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்து எழுதி, கருவியில் அமைத்திருக்க வேண்டும்: சேமிப்பில் உள்ள திறவுகோல்கள் எத்தனை மணி நேரம் தாங்கும், அவை தீர்ந்தபின் கணித முறைத் திறவுகோலுக்கு மட்டும் இறங்கலாமா அல்லது இணைப்பையே நிறுத்த வேண்டுமா, அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது. பாதுகாப்புக் குறைந்த நிலைக்கு கருவி யாருக்கும் சொல்லாமல் தானாகவே இறங்கும்படி அமைத்தால், கத்தரிக்கோல் வைத்திருக்கும் எவராலும் அந்த இறக்கத்தை வரவழைக்க முடியும். ஆகவே அந்த அமைவு முடக்கப்பட்டிருப்பதை, நிறுவிய அன்றே இழையைக் கழற்றிப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.